திண்ணையும் இரண்டு கதவுகளும்

திருக்கோகர்ணத்தில் என் அத்தை வீட்டுக்குத் தெருப்பக்கம் நல்ல அகலமான திண்ணை உண்டு. அதைத் தாண்டினால் நிலைக்கதவு. கதவுக்குள் ரேழி, ரேழிக்கு அப்பால் முற்றம், எல்லாவற்றுக்கும் பின்னால் கொல்லைக் கதவு. பிரகதாம்பாள் சந்நிதிக்குப் போகிறவர்களும், மியூசியம் பார்க்க வந்து வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களும் அந்தத் திண்ணையில் சற்று உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். திண்ணை வரைக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம். நிலைப்படி தாண்டுவதற்குத்தான் உறவோ உத்தரவோ வேண்டும்.

1998-ஆம் வருஷம் அந்தத் திண்ணையில் எட்டு மாதம் படுத்திருந்தவர் வழிப்போக்கர் அல்ல. அத்தையின் மூத்த பிள்ளை, எனக்கு மச்சான். லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே வெகுதூரம் போய்வந்துகொண்டிருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஒருநாள் இளைத்துக் கறுத்து ஊர் திரும்பினார். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். முடிவு அவருக்குத் தெரிவதற்கு முன்னால் வராந்தாவில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய் ஒதுக்கினார்கள். நிலைப்படிக்கு உள்ளே வரக்கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். அத்தை ஒருத்திதான் வாசற்படியில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவள் அரைக்காசு அம்மன் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிரகதாம்பாளுக்குத்தான் அந்தச் செல்லப் பெயர். தொண்டைமான் ராஜாக்கள் அவள் உருவத்தைப் பொறித்து அடித்த சின்னஞ்சிறு செப்புக் காசு, 'அம்மன் காசு' என்று பிரசித்தி பெற்றது. சாவி தொலைந்தாலும் மோதிரம் தொலைந்தாலும் அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். அத்தையும் வேண்டிக்கொண்டிருந்தாள். "என்ன அத்தை தொலைஞ்சுபோச்சு?" என்று புத்தியில்லாமல் கேட்டேன். "புள்ளதாம்ப்பு" என்றாள்.

ஒருநாள் மாலை மச்சான் என்னைக் கேட்டார்: "மாப்ளே, போறவன் வாறவனெல்லாம் 'எப்படி வந்துச்சு, எப்படி வந்துச்சு'ன்னு கேக்குறான். அவனுக்கு வேண்டியது ஊர்க்கதை. எனக்கு நெசமாவே தெரியணும். அது ஒடம்புக்குள்ள எந்த வழியாப் போகுது? நீ நாலு புஸ்தகம் படிக்கிறவன்தானே, விசாரிச்சுச் சொல்லேன்."

விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. 1999 தை மாதம் அவர் போய்விட்டார். அவருடைய கேள்விக்கு விடை, அவர் கேட்பதற்கு இரண்டு வருஷம் முன்பே கண்டுபிடிக்கப்பட்டு அச்சிலும் வந்திருந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடனை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கதையையும் திருக்கோகர்ணத்திலிருந்தே தொடங்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30-ஆம் தேதி பிறந்த ஊர் அது. தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பிறந்த பெண்ணுக்கு என்று ஊர் ஒரு வழியைத் தீர்மானித்து வைத்திருந்த காலம். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா சேர்க்கச் சொன்னார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1927-ல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அது சட்டமாயிற்று. 1930-ல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர், எந்த விடுதியிலும் இடம் கிடைக்காமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் திறந்தார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான்.

'கிருமியைப் பற்றிச் சொல்ல வந்தவன் சரித்திர புருஷர்களைப் பற்றிப் பேசுகிறானே' என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. முத்துலட்சுமி பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, 1986-ல், அவர் படித்த அதே கல்லூரியைச் சேர்ந்த இரண்டு பெண்கள்தான் இந்த நோய் இந்தியாவுக்குள் வந்துவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ரத்தம் எடுத்ததும், எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட பெண்களிடமிருந்துதான்.

1981-ல் அமெரிக்காவில் முதன்முதலாக எய்ட்ஸ் தென்பட்டபோது, 'அது மேல்நாட்டார் வியாதி, நம் ஊர் ஒழுக்கத்துக்கு இங்கே எட்டிப் பார்க்காது' என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமனுக்கு அந்த நிம்மதி இல்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆராய்ச்சிக்கு இதையே எடுத்துக்கொள் என்றார். நிர்மலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சின்னக் குழந்தைகளுக்குத் தாய். பெண்கள் அடைக்கப்பட்டிருந்த காவல் இல்லத்துக்குக் கணவருடைய ஸ்கூட்டரில் போய், எண்பதுக்கு மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார்.

சென்னையில் அதைச் சோதிக்க அப்போது வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் அந்தச் சீசாக்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலேறி, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். காலையில் சோதனை தொடங்கியது. நடுவில் மின்சாரம் நின்றுபோனது. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். திரும்பிவந்து மூடியைத் திறந்து பார்த்தால் ஆறு குழிகள் மஞ்சளாக மாறியிருந்தன. திறந்தவருக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த ஆறு பெண்களிடம் மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பெண்களுக்கு, என்ன சோதனைக்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பதே தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். நம் தேசத்தின் எச்சரிக்கை மணி அவர்கள் ரத்தத்திலிருந்து ஒலித்தது. அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. பின்னாளில் டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் சென்னையில் தொடங்கிய மருத்துவ நிலையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், தாலி கட்டிய கணவனைத் தவிர வேறொருவரை அறியாத குடும்பப் பெண்கள். ஒழுக்கத்தைக் கேட்டு நுழைகிற கிருமி அல்ல இது. அது கேட்பது வேறு. அதைத்தான் மச்சான் தெரிந்துகொள்ள விரும்பினார்.

வைரஸ் என்பது தனியாக உயிர்வாழத் தெரியாத ஒரு பொட்டலம். ஏதாவது ஓர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதனால் பெருக முடியும். உயிரணுவின் மேல்தோலில் ஏற்பிகள் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பின் மற்றப் பகுதிகள் அனுப்பும் சேதிகளை வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. எச்.ஐ.வி. என்ற இந்த வைரஸை 1983-ல் பாரிஸில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூஸியும் லூக் மான்டாக்னியேவும் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருஷமே லண்டனிலும் பாரிஸிலுமாக இரண்டு குழுக்கள், அது ரத்தத்தின் ஒருவகை வெள்ளை அணுக்களில் இருக்கும் சி.டி. 4 என்ற ஏற்பியில்தான் வந்து ஒட்டுகிறது என்று காட்டின. உடம்பின் காவற்படைக்கு உத்தரவு போடும் தளபதிகள் அந்த அணுக்கள். அவை அழிந்தால் படை கலைந்துவிடும்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. 1986-ல் மனிதனுடைய சி.டி. 4-ஐ எலியின் உயிரணுவில் பொருத்திப் பார்த்தார்கள். வைரஸ் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே போகவில்லை. அதாவது, சி.டி. 4 என்பது கதவு அல்ல, திண்ணை. வந்தவன் உட்காரலாம், உள்ளே போக வேறொரு கதவு திறக்க வேண்டும். அந்தக் கதவு மனித அணுவில் இருக்கிறது, எலியின் அணுவில் இல்லை.

இன்னொரு புதிரும் இருந்தது. எச்.ஐ.வி. எல்லாம் ஒரே சாயல் அல்ல. சில ரகங்கள் திசுக்களில் காவல் திரியும் பெருவிழுங்கணுக்களுக்குள் எளிதில் புகுந்தன. வேறு சில ரகங்கள் அவற்றைத் தொடாமல், சோதனைச் சாலையில் வளர்த்த வெள்ளை அணுக்களைத் தாக்கி, பல அணுக்களை ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்தன. ஒரே திண்ணையில் உட்காரும் இரண்டு பேர் ஏன் வெவ்வேறு வீடுகளுக்குள் போகிறார்கள்?

விடை 1996-ல் கிடைத்தது. அந்த வருஷம் மே மாதத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் பெர்கரின் குழு ஒரு கதவைக் கண்டுபிடித்தது. இன்று அதன் பெயர் சி.எக்ஸ்.சி.ஆர். 4. அடுத்த மாதமே பல குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டாவது கதவை அறிவித்தன. அது சி.சி.ஆர். 5. பெருவிழுங்கணுக்களைத் தாக்கும் ரகம் சி.சி.ஆர். 5 வழியாக நுழைகிறது. மற்ற ரகம் சி.எக்ஸ்.சி.ஆர். 4 வழியாக. இரண்டு கதவையும் திறக்கத் தெரிந்த ரகங்களும் உண்டு. முன்னதை வாசற்கதவு என்றும் பின்னதைக் கொல்லைக் கதவு என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் புதிதாகத் தொற்றும்போது, அநேகமாக எப்போதும் வாசற்கதவு ரகம்தான் வேரூன்றுகிறது. கொல்லைக் கதவு ரகம் வருஷங்கள் கழித்து, உடம்பு தளர்ந்த பிறகு தலைகாட்டும். அது வந்தால் நோய் வேகமெடுக்கும்.

இது நடக்கும் விதமும் விசித்திரம். வைரஸின் மேல் குமிழ் குமிழாகப் புரதங்கள் இருக்கின்றன. குமிழ் சி.டி. 4-ல் உட்கார்ந்ததும் அதன் உருவம் சற்று மாறுகிறது. இதுவரை மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது. துண்டால் மூடிக்கொண்டு வந்தவன் திண்ணையில் அமர்ந்த பிறகு கையில் மறைத்திருந்த சாவியை எடுப்பதைப் போல. சாவியின் பற்கள் என்று சொல்லத்தக்கது, சுமார் 35 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு வளையம். அதில் ஓரிரண்டு அமிலங்கள் மாறினாலே, வாசற்கதவுச் சாவி கொல்லைக் கதவுச் சாவியாகிவிடும். சாவி பொருந்தியதும் குமிழுக்கு அடியிலிருந்து இன்னொரு புரதம் தூண்டில் முள்போலப் பாய்ந்து, வைரஸின் உறையையும் அணுவின் உறையையும் ஒன்றாக இழுத்துச் சேர்த்துவிடுகிறது.

உலகில் எச்.ஐ.வி.யில் பல வம்சங்கள் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது பெரும்பாலும் 'பி' வம்சம். நம் நாட்டில் மிகப் பெரும்பான்மை 'சி' வம்சம். தென்னாப்பிரிக்காவிலும் எத்தியோப்பியாவிலும் அதுவே. 'பி' தொற்றியவர்களில், வைத்தியம் இல்லாவிட்டால், ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிற்காலத்தில் கொல்லைக் கதவு ரகம் தோன்றுகிறது. நம்முடைய 'சி'யோ பெரும்பாலும் கடைசிவரை வாசற்கதவையே நம்பியிருக்கிறது. அதனால் அது சாது என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டைக் குடிமுழுக வாசல் ஒன்றே போதும். மச்சானுடைய உடம்பிலும் அநேகமாக அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

வாசற்கதவே இல்லாத வீடுகளும் உலகில் உண்டு. நியூயார்க் ஓவியர் ஸ்டீவன் க்ரோன் தம் துணைவரையும் நண்பர்கள் பலரையும் எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தார். அவரை மட்டும் நோய் தொடவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள அவரே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார். அவருடைய வெள்ளை அணுக்களின் மேல் எவ்வளவு வைரஸை ஊற்றியும் உள்ளே நுழையவில்லை. 1996-ல் காரணம் தெரிந்தது: சி.சி.ஆர். 5-ஐச் செய்வதற்கான மரபுக் குறிப்பில், தாய்வழியும் தந்தைவழியுமாக இரண்டு பிரதியிலும், 32 எழுத்துகள் விட்டுப்போயிருந்தன. என்னைப் போன்ற எழுத்தாளனுக்கு அச்சுப் பிழை என்றாலே வயிற்றைக் கலக்கும். ஒரு மனிதனின் உயிரைக் காத்த அச்சுப் பிழையை இங்கேதான் கண்டேன். இரண்டு பிரதியிலும் இந்தப் பிழை உள்ளவர்கள் ஐரோப்பிய வம்சத்தாரில் சுமார் நூற்றில் ஒருவர். நம்மவர்களில் மிக மிக அபூர்வம்.

இந்தப் பிழையை வைத்தே ஒரு வைத்தியமும் நடந்தது. பெர்லினில் வசித்த அமெரிக்கர் டிமத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. 2007-ல் டாக்டர் கெரோ ஹ்யூட்டர், வாசற்கதவு இல்லாத ஒருவரின் ரத்த மூல அணுக்களைத் தேடிப் பிடித்து அவருக்கு மாற்றினார். எச்.ஐ.வி. அடியோடு போயிற்று. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், வைரஸ் திரும்பவில்லை. ஆனால் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் இன்னொருவருக்கு இதே வைத்தியம் செய்தபோது வைரஸ் திரும்பி வந்துவிட்டது. அவர் உடம்பில் கொல்லைக் கதவு ரகமும் இருந்திருக்கிறது. 2014-ல் இது வெளியாயிற்று. வாசலை எடுத்துவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்த கதை. 2007-ல் வந்த மராவிராக் என்ற மருந்தும் வாசற்கதவை மட்டுமே அடைக்கிறது. ஆகவேதான் அதைக் கொடுக்குமுன், நோயாளியின் வைரஸ் எந்தக் கதவை உபயோகிக்கிறது என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.

இவ்வளவும் படித்த பிறகு மச்சானுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று யோசித்தேன். நாலே வாக்கியம். 'மச்சான், அதுக்கு ஒரு திண்ணை வேணும், ஒரு கதவு வேணும். ரெண்டும் ரத்தத்திலயும் சதைக்குள்ளயும் இருக்கிற சில அணுவுலதான் இருக்கு. ரத்தம் வழியாவோ, உடலுறவு வழியாவோ, தாய்கிட்டேருந்து பிள்ளைக்கோ அந்த அணுகிட்ட போய்ச் சேர்ந்தாத்தான் உண்டு. தட்டுக்கும் டம்ளருக்கும் பாய்க்கும் அந்தத் திண்ணையும் கெடையாது, கதவும் கெடையாது.' இதைச் சொல்லியிருந்தால் அவரை நிலைப்படிக்கு உள்ளே கொண்டுவந்திருக்கலாம்.

உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து வைரஸை அடக்கும் முறை 1996-லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் விலை லாரி டிரைவருக்கு எட்டாத விலை. 2001-ல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தொடக்கத்திலேயே தாம்பரம் ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்திருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் வழியாகப் பிறருக்குத் தொற்றாது என்பதும் இன்று நிரூபணமான விஷயம். நோயாளியை ஒதுக்குவதும், அவர் சம்மதமின்றி நோயை வெளியிடுவதும் கூடாது என்று 2017-ல் சட்டமும் வந்துவிட்டது. மச்சானுக்கு இவையெல்லாம் ஐந்து வருஷமும் அதற்கு மேலும் தாமதம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருக்கோகர்ணம் போயிருந்தேன். திண்ணையைக் கழுவி விட்டிருந்தார்கள். அத்தை எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். கையில் வாங்கிய பிறகுதான் கவனித்தேன்: விளிம்பு நசுங்கிய அந்த எவர்சில்வர் டம்ளர் மச்சானுடையது. ஒதுக்கி வைத்திருந்ததைத் தேய்த்துக் கழுவி, வீட்டுப் பாத்திரங்களோடு அவள் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

நான் ஒரு கணம் தயங்கினேன். அத்தை அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

அத்தைக்குத் திண்ணை தெரியும், கதவு தெரியும், சி.டி. 4 தெரியாது. அவள் தயங்கவில்லை. நாலு புஸ்தகம் படிக்கிற நான் தயங்கினேன். அந்த ஒரு கணம் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.